பயணத்துக்கான பணம் குறைந்தால் சப்ளையர் தணிக்கை

ஐஎஸ்ஓ 9001:2015 தரநிலை சப்ளையர்களை மதிப்பிட்டுக் கண்காணிக்கச் சொல்கிறது. எல்லோரையும் நேரில் போய்ப் பார்க்கச் சொல்வதில்லை.

• புதிய சப்ளையர், அடிக்கடி திரும்பி வரும் சரக்கு, பாதுகாப்பைப் பாதிக்கும் உதிரிபாகம் ஆகியவற்றுக்கு நேரடித் தணிக்கை. அட்டைப்பெட்டி, லேபிள் தருவோருக்குக் கேள்விப் பட்டியல் போதும்.

• வெல்டிங், முலாம் பூசுதல், ஹீட் ட்ரீட்மென்ட் போன்றவற்றில் முடிந்த பொருளைப் பார்த்து மட்டும் தரத்தை உறுதிசெய்ய முடியாது. பயணப் பணத்தில் முதல் பங்கு இவற்றுக்கு.

• காலிபிரேஷன் சான்றிதழ்களையும், முந்தைய குறைகளைச் சரிசெய்த பதிவுகளையும் ஒரு வாரம் முன்பே வாங்கிப் படிப்பது நல்லது.

• ஐஎஸ்ஓ 19011:2018 தொலைதூரத் தணிக்கைக்கும் வழிகாட்டுகிறது. வீடியோவில் கேமரா போகும் இடத்தைத் தணிக்கையாளரே சொல்ல வேண்டும். மைக்ரோமீட்டரில் ஒட்டிய காலிபிரேஷன் ஸ்டிக்கரை நெருக்கத்தில் காட்டச் சொல்லி, எண்ணையும் தேதியையும் சான்றிதழோடு ஒப்பிடலாம். கழித்த சரக்கு தனியே பூட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கலாம்.

• அடுத்தடுத்த ஊர்களில் உள்ள சப்ளையர்களை ஒரே பயணத்தில் முடிக்கலாம்.

• வீடியோவில் தெளிவாகாதவற்றைக் குறித்துவைத்து, அடுத்த நேரடித் தணிக்கையில் முதலில் பார்க்க வேண்டும்.