ஈழத்து வேழம்: தீவுவாழ் உயிரின் இடரும் காப்பும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, பொருள் தேடி நான் நெடுந்தொலைவு செல்லவில்லை. யான் ஆசிரியப் பணி புரியும் ஈச்சிலம்பற்றில் அப்பொருள் இரவுதோறும் வேலியோரம் வந்து நிற்கின்றது. அது யானை.

பெரும்போக வேளாண்மை நடந்துகொண்டிருந்த ஒரு நாள், வகுப்பு மாணாக்கரை ‘யானை’ என்னும் தலைப்பில் கட்டுரை வரையுமாறு பணித்தேன். பலரும் யானையின் உருவம், உணவு, பயன் என்ற வழக்கமான வரிசையில் எழுதினர். ஒரு மாணவி மட்டும் ஐந்தாறு வரிகளே எழுதியிருந்தாள். குடலைப் பருவத்தில் நின்ற தந்தையின் நெற்பயிர் ஓரிரவில் மிதிபட்டு அழிந்ததையும், கடன் தீர்க்க வழியின்றி அவர் அயலூருக்குக் கூலி வேலைக்குப் போனதையும் கூறிவிட்டு, “யானை நல்ல விலங்கு என்று நான் எப்படி எழுதுவது, சேர்?” என முடித்திருந்தாள். அக்கட்டுரைக்குப் புள்ளியிட எனக்குக் கை எழவில்லை. அவள் வினாவுக்கு விடை தேடி யான் கற்றவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

தீவு என்னும் வரம்பு

பெருநிலப்பரப்பில் வாழும் விலங்கு ஒரு காட்டில் அழிந்தாலும், அதன் இனம் வேறொரு காட்டில் எஞ்சி நிற்கக்கூடும். காலம் வாய்ப்பின் பழைய இடத்துக்கு நடந்தும் வரக்கூடும். தீவில் வாழும் உயிருக்கு அவ்வாய்ப்பு இல்லை. மொரிசியசுத் தீவில் வாழ்ந்த ‘டோடோ’ என்னும் பறக்கவியலாப் பறவையின் கதை உலகறிந்தது. 1598 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அத்தீவில் இறங்கினர். 1662 ஆம் ஆண்டின் பின்னர் அப்பறவையை எவரேனும் கண்டதற்கு ஐயமற்ற சான்று இல்லை. ஒரு மனிதன் பிறந்து முதுமை எய்தும் காலத்துக்குள் ஓர் இனம் முற்றாக அற்றுப்போயிற்று.

இத்தகைய இழப்பு நம் நாட்டிலும் நேர்ந்துள்ளது. அதற்குச் சான்று கூறியவன் நமது கொட்டியாரக் குடாவிலேயே சிறைப்பட்டவன். 1660 ஆம் ஆண்டில் அங்குக் கரையிறங்கிய கப்பலைச் சேர்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞன், கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்தான். தப்பிச் சென்றபின் 1681 இல் அவன் வெளியிட்ட நூலில், அரசனது விலங்குக் கூடத்தில் தான் கண்ட ஒரு காட்டு விலங்கை விவரிக்கின்றான். எருது போன்ற உடல், உயர்ந்து கூரிய முதுகு, பாதிக்கால் வரை வெண்மை என்பன அதன் அடையாளங்கள். அஃது ஆமாவேயாம்.

ஆமா என்னும் காட்டுப்பசு பழந்தமிழ்ச் செய்யுட்களில் நாம் அறிந்த விலங்கு. தமிழ்நாட்டின் மேற்குத்தொடர் மலைக் காடுகளில் அஃது இன்றும் மேய்ந்து திரிகின்றது. ஈழத்திலோ நொக்ஸ் கண்ட காலத்தின் பின் அது மறைந்தது. இரு நாட்டுக்கும் இடையே கிடப்பது குறுகிய கடலே. எனினும் அக்கடலைக் கடந்து ஓர் ஆமாவேனும் மீண்டு வந்ததில்லை. நிகண்டிற் சொல் இருக்கின்றது. காட்டில் விலங்கு இல்லை. தீவின் இழப்பு என்பது இதுவே.

யானையின் பழைமை

ஈழத்து யானையின் புகழ் மிகத் தொன்மையானது. அலெக்சாந்தரின் படையுடன் வந்த ஒனெசிக்கிரிற்றசு என்பான், இத்தீவின் யானைகள் இந்திய யானைகளினும் பெரியன, போருக்கு மிக உகந்தன என்று கூறியதாகப் பிளினி என்னும் உரோம அறிஞர் எழுதி வைத்துள்ளார். பிற்காலத்தில் வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகள் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கடல்வழியே பிறநாடுகளுக்கு விற்கப்பட்டன. அவை ஆழமற்ற கடனீரைக் கடந்த துறையே ஆனையிறவு எனப் பெயர் பெற்றது.

பிடித்து விற்ற காலம் போய், கொன்று ஒழித்த காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் வெட்டப்பட்டன. யானை வேட்டை வெள்ளையருக்குப் பொழுதுபோக்காயிற்று. மேஜர் றோஜர்ஸ் என்னும் ஒருவர் மட்டுமே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பர். கொல்லப்பட்ட யானைக்கு அரசினர் தலைக்கு இத்தனை என்று பரிசும் கொடுத்தனர். 1848 ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3500 யானைகளுக்குப் பரிசு பெறப்பட்டது எனக் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் எமேசன் ரெனன்ற் பதிந்துள்ளார். இவ்வளவு அழிவுக்குப் பின்னும் யானை எஞ்சியிருந்தது வியப்பே.

இனத்தின் இயல்பு

தொல்காப்பிய மரபியல் ஆணைக் களிறு என்றும், பெண்ணைப் பிடி என்றும், இளமையைக் கன்று என்றும் வகுக்கும். எமது பகுதி உழவர் அம்மரபோடு அமையாது, தந்தமுள்ள ஆணைக் கொம்பன் என்றும், தந்தமில்லாததை அலியன் என்றும், கூட்டம் பிரிந்து திரிவதைத் தனியன் என்றும் வழங்குவர். ஈழத்துக் களிறுகளுட் கொம்பன் மிகச் சில. நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. ஆகவே ஆபிரிக்காவிற் போலத் தந்தத்துக்காகக் கொல்லுதல் இங்குத் தலையாய இடர் அன்று.

பிடியின் சூற்காலம் ஏறத்தாழ 22 மாதங்கள். ஓர் ஈற்றுக்கும் மறு ஈற்றுக்கும் இடையே நான்கைந்து ஆண்டுகள் செல்லும். ஆகவே ஓராண்டில் இழந்ததை மறு ஆண்டில் ஈடுசெய்தல் இவ்வினத்துக்கு இயலாது. முதிய பிடியே கூட்டத்தை நடத்துவது. நீர் உள்ள இடமும் வழியும் அதன் நினைவில் உள்ளன. வளர்ந்த களிறு கூட்டத்தை விட்டு நீங்கித் தனித்தோ சிலவாகவோ திரியும். பயிரை நாடி வருவன பெரும்பாலும் இக்களிறுகளே.

இற்றைநாள் இடர்

ஆசிய யானை 1986 முதல் அழியும் இடரிலுள்ள இனமாக உலக அளவிற் குறிக்கப்பட்டுள்ளது. 2011 ஓகஸ்ட் மாதத்தில் நம் நாட்டு நீர்நிலைகளில் எண்ணியபோது 5879 யானைகள் கணக்கிடப்பட்டன. எண் பெரிதாகத் தோன்றலாம். ஆனால் 2019 ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. அவ்வாண்டிலேயே யானைகளால் 120க்கு மேற்பட்ட மக்களும் உயிரிழந்தனர். பின்வந்த ஆண்டுகளிலும் இருபக்க இழப்பும் தொடர்ந்தது.

மாளும் வகை பலவாகும். துப்பாக்கிச் சூடு ஒன்று. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுதல் மற்றொன்று. யாவற்றிலும் கொடியது ‘ஹக்கபட்டாஸ்’ எனப்படும் வாய்வெடி. காட்டுப்பன்றிக்கென உணவுப் பண்டத்துள் மறைத்து வைக்கும் வெடியை யானைக்கன்று கடிக்கும். தாடை சிதைந்து, உண்ணவும் பருகவும் இயலாது, பல நாள் வருந்தி இறக்கும். புகையிரதத்தில் மோதுண்டும் யானைகள் இறக்கின்றன. 2025 பெப்ரவரி 20 ஆம் நாள் ஹபரணைக்கு அண்மையில் ஒரே மோதலில் ஆறு யானைகள் மாண்டன.

இவையெல்லாம் கிளைகள், வேர் நிலம். 2021 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இலங்கை நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அப்பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மக்களும் குடியிருக்கின்றனர். காடு யானைக்கு, ஊர் மனிதனுக்கு என்று கோடு கிழித்துப் பேசுவது ஏட்டளவிலேயே பொருந்தும் என்பதை இக்கணக்குக் காட்டுகின்றது.

எமது ஊரும் அத்தகையதே. கிழக்கே கடல், தெற்கே மகாவலியின் கிளையாகிய வெருகலாறு, மேற்கே சேருவில, சோமாவதிப் பக்கத்துக் காடுகளும் வில்லுகளும். ஆற்றை நீந்திக் கடத்தல் யானைக்கு அரிதன்று. 2006 இற் போர் காரணமாக ஈச்சிலம்பற்று மக்கள் இடம்பெயர்ந்தனர். மறு ஆண்டு மீண்டபோது வயல்கள் புதர் மண்டிக் கிடந்தன. ஒழுங்கைகளில் யானைத்தடம் கிடந்தது. அந்நாளை நினைவுகூர்ந்த முதியவர் ஒருவர் என்னிடம், “நாங்க போன பிறகு அதுகள் வந்துது. நாங்க வந்த பிறகு அதுகள் எங்க போறது, வாத்தியார்?” என்றார். இடம்பெயர்ந்து மீண்ட ஒருவரன்றி வேறெவர் இவ்வினாவை இத்துணை எளிதாகக் கேட்டிருப்பர்?

காப்பு வழி

நெடுங்காலம் கையாளப்பட்ட வழி, யானைகளைத் துரத்தித் தேசியப் பூங்காக்களுள் அடைத்து வேலி இடுதலாகும். இது பெரும்பயன் தரவில்லை. பூங்காவின் புல்லும் தழையும் அங்கு முன்னரே வாழும் யானைகளுக்கே அளவானவை. புதியன அடைபடின் பிடிகளும் கன்றுகளும் மெலிந்து மாளும். பயிருண்ட களிற்றைப் பிடித்துத் தொலைவில் விடுதலும் நிறைபயன் தரவில்லை. கழுத்துப்பட்டி பொருத்திச் செய்மதி வழியாக நோக்கியபோது, சில பழைய இடத்துக்கே மீண்டன. சில புதிய ஊர்களிற் புகுந்து இடர் விளைத்தன.

நாட்டில் 4000 கிலோமீற்றருக்கு மேல் மின்வேலி இடப்பட்டும் மரணங்கள் குறையவில்லை. காரணம் யாது? பல வேலிகள் காட்டின் நடுவே ஆட்சி எல்லையைப் பின்பற்றி நிற்கின்றன. வேலிக்கு இப்பாலும் யானை, அப்பாலும் யானை. வேலி நிற்கவேண்டிய இடம் ஊரின் விளிம்பும் வயலின் விளிம்புமே. குருநாகல், அநுராதபுரம் முதலிய மாவட்டங்களின் ஊர்கள் சிலவற்றில் இம்முறை கைக்கொள்ளப்பட்டுள்ளது. விதைப்பு முடிந்ததும் வயலைச் சுற்றி வேலி எழுப்புவர், அறுவடையானதும் கழற்றிவிடுவர். அதன்பின் அரிதாளும் புல்லும் யானைக்கு உணவாகும். நெல் உழவனுக்கு, தாள் யானைக்கு. 2020 இல் வகுக்கப்பட்ட தேசியச் செயற்றிட்டமும் இவ்வழியையே பரிந்துரைத்தது.

ஈண்டு மாணாக்கர் ஒன்றை அறிதல் வேண்டும். முறையான மின்வேலியிற் பாய்வது ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு ஒருமுறை எழும் மிகக் குறுகிய துடிப்பு. அதன் அழுத்தம் பல ஆயிரம் வோல்ற்று ஆயினும், நேரம் மிகச் சிறிதாதலின் அஃது அதிர்ச்சி தருமேயன்றிக் கொல்லாது. வீட்டு மின்சாரமோ இடையறாது பாய்வது. அது யானையைக் கொல்லும். இருளிற் கால் வைத்த அயலவரையும் கொல்லும். முறையான வேலிக்கும் காவல் வேண்டும். கம்பியிற் படரும் கொடியை அகற்றாவிடின் மின் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஆகவே வேலியைப் பேணவேண்டியோர் அவ்வூர் உழவரே. அவர்களுக்குப் பொருளும் பயிற்சியும் அளித்தல் அரசின் கடன்.

நிறைவாக

நம் முன்னோர் காட்டுவழி செல்லுமுன் மரக்கொப்பு ஒன்றை முறித்துப் பிள்ளையாருக்கு இட்டு வணங்கிச் சென்றனர். அவ்வழிபாட்டில் அச்சமும் மதிப்பும் ஒருங்கே இருந்தன. மதிப்புப் போய் அச்சம் மட்டும் எஞ்சிய நிலையில் வாய்வெடி வந்தது. அம்மதிப்பை மீட்டல் பள்ளியின் பணி. அச்சத்தைக் குறைத்தலோ நல்ல வேலியின் பணி, நேரத்துக்குக் கிட்டும் இழப்பீட்டின் பணி. வயிறு எரிந்துகொண்டிருப்பவனிடம் யானையின் பெருமை பேசுதல் பயனற்றது. உழவனின் பயிரைக் காவாது யானையைக் காத்தல் இயலாது என்பதே யான் கற்ற பாடம்.

இக்கல்லூரியிற் பயின்ற பழைய மாணவர் பலர் பொறியியலாளராகவும் அலுவலராகவும் மருத்துவராகவும் நாட்டிலும் கடல் கடந்தும் விளங்குகின்றனர். எமது பற்றின் ஓர் ஊருக்கேனும் இத்தகைய வயல்வேலி ஒன்று அமைய அவர்கள் வழிகாட்டுவாராயின், அது நற்பணியாகும்.

அம்மாணவியின் கட்டுரைக்குப் பின்னர் நிறைபுள்ளி இட்டேன். கீழே, “உன் தந்தையின் வயலும் பிழைக்கவேண்டும், அந்த யானையும் பிழைக்கவேண்டும், இரண்டுக்கும் வழி உண்டு, வகுப்பிற் பேசுவோம்” என்று எழுதினேன். இன்று அவ்வகுப்பு மாணாக்கர் தம் ஊரின் வயல்களையும் யானை வரும் வழிகளையும் ஒரு படமாக வரைந்து வருகின்றனர். யாம் ஆமாவை நூலில் மட்டும் கண்டோம். அவர் மக்கள் வேழத்தைக் காட்டிலும் காணல் வேண்டும்.