புல்வெட்டும் யந்திரம் சக்தி குன்றி நின்றுவிடுதல்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்திலுள்ள செண்பகத்தோப்பிலும், இராஜபாளையத்தைச் சார்ந்த மா, தென்னைத் தோப்புகளிலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் புல் அடர்ந்து எழும்புகிறது. ஆட்கூலி உயர்ந்துவிட்டபடியால் பெட்ரோலினால் ஓடும் புல்வெட்டும் யந்திரங்கள் உபயோகத்துக்கு வந்துள்ளன. இவற்றைப் பற்றிக் குடியானவர்கள் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே. கயிற்றை இழுத்தவுடன் யந்திரம் ஓடும். புல்லில் வைத்து விசையைக் கூட்டினாலோ சத்தம் தாழ்ந்து நின்றுவிடும். உடனே கார்புரேட்டரின் திருகுகளைத் திருப்பிப் பார்ப்பதும், அதுவும் பயன்படாவிடில் புதிய கார்புரேட்டர் வாங்குவதும் வழக்கமாகிவிட்டது. இச்செலவு அநேகமாய் வீண். கார்புரேட்டர் கடைசியாகப் பார்க்க வேண்டிய உறுப்பாகும்.

முதலில், யந்திரம் எப்பொழுது நிற்கிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். சில நிமிஷங்கள் நன்றாக ஓடிய பின் நின்று, சற்று ஆறவிட்டால் மறுபடி ஓடுமாயின், பெட்ரோல் டாங்கி மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கலாம். யந்திரம் ஆறிய பிறகு மூடியைத் தளர்த்துகையில் காற்று உள்ளிழுக்கும் ஓசை கேட்பின் சந்தேகமில்லை. புல்லில் வைத்தால் மட்டும் திணறுமாயின், சுழலும் தலையில் கொடியும் நாரும் சுற்றியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு நைலான் நரம்பை நீளமாக விடுவோர் பலர். அத்தகட்டிலுள்ள சிறு கத்தியே நரம்பை அளவோடு அறுத்து வைப்பது. அஃதின்றேல் நரம்பு நீண்டு யந்திரத்தின் பாரம் மிகும்.

பெட்ரோலே காரணமாவதும் உண்டு. 2023-ஆம் ஆண்டு முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இந்நாட்டில் விற்பனைக்கு வந்து பரவியுள்ளது. எத்தனால் காற்றின் ஈரத்தைக் கிரகிக்கும் தன்மையுடையது. வெட்டு முடிந்ததும் மீதிப் பெட்ரோலோடு யந்திரத்தை மோட்டார் கொட்டகையில் மாதக்கணக்கில் சாத்தி வைத்தால், ஈரம் மிகுந்து நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். டாங்கியின் உறிஞ்சு குழாயோ அடியிலேயே கிடக்கிறது. அவ்வடிநீரில் மசகெண்ணெய் அநேகமாக இராமையால், டூ ஸ்ட்ரோக் யந்திரத்தின் பிஸ்டனுக்கும் கேடு. கண்ணாடிப் புட்டியில் சிறிது ஊற்றி அசையாமல் வைத்தால் இரு அடுக்குகள் தெரியும். தெரிந்தால் அப்பெட்ரோலை உபயோகிக்கலாகாது. ஒரு மாதத் தேவைக்கு மேல் கலந்து வைக்காதிருத்தல் நலம். 1 லிட்டர் பெட்ரோலுக்கு எண்ணெய் 20 மில்லியா, 40 மில்லியா என்பதை யந்திரத்தின் கைப்புத்தகத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். போர் ஸ்ட்ரோக் யந்திரத்துக்கு இக்கலவை கூடவே கூடாது.

டாங்கிக்குள்ளிருக்கும் வடிகட்டியையும், புழுதி படிந்த காற்று வடிகட்டியையும் சுத்தம் செய்த பிறகும் வேகம் ஏறாவிடில் சைலன்ஸரைப் பார்க்க வேண்டும். எண்ணெய் மிகுந்த கலவையின் கரி, அதன் வாயிலுள்ள பொறிதடுக்கும் கம்பிவலையை அடைத்துவிடும். வலையைப் பிடுங்கி எறிந்தால் யந்திரம் அப்பொழுதே துள்ளி ஓடும். அதனாலேயே பலர் அவ்விதம் செய்கின்றனர். செண்பகத்தோப்பின் காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. மாசி, பங்குனியில் காய்ந்த புல்லில் விழும் ஒரு பொறி தோப்பையும் தாண்டிக் காட்டுக்குள் செல்லக்கூடும். வலையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து மீண்டும் பொருத்துவதற்கு அரைமணி நேரம் போதும். ஊராட்சி யந்திரங்களில் வலை இருக்கிறதா என்று அதிகாரிகளும் பார்வையிடுதல் தகும்.

இவையாவும் சரியாயிருந்தாலன்றித் திருகுகளைத் தொடலாகாது. பெட்ரோல் குறைந்து காற்று மிகும்படி திருப்பினால் யந்திரம் சிறிது நேரம் வெகு சுறுசுறுப்பாக ஓடும். பின் அளவு மீறிச் சூடேறிப் பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொள்ளும். சூடேறியபின் கயிறு தடையின்றி இலேசாக இழுபடுமாயின் அழுத்தம் குறைந்துவிட்டதென்று அறிந்து, தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைக்க வேண்டும்.