பழைய துவக்கு வாங்கும் கமக்காரருக்கு

காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க அனுமதிப்பத்திரம் பெறும் கமக்காரருட் பலர், புதிய துவக்கின் விலைக்கு அஞ்சிப் பழையதொன்றையே நாடுவர். அது குறி தவறுமாயின் பயிரைக் காவாது. காயமுற்ற பன்றி திரும்பிப் பாய்ந்து உயிருக்குத் தீங்கு செய்தலுங் கூடும்.

பொறுப்பு யாருடையது?

1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, பொருளின் தரத்துக்கு விற்பவரே பொறுப்பு என்பது பொது விதியன்று. அவ்வகைப் பொருளை வியாபாரமாக விற்பவரிடம் வாங்கினால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. அயலிலுள்ள கமக்காரரிடம் வாங்கினால் அது பெரும்பாலும் இல்லை. ஆகவே, "நேராகச் சுடும்" என்னும் வாய்ச்சொல்லை எழுத்திற் பெறுதல் வேண்டும்.

மேலும், அனுமதி வழங்கும் அதிகாரியின் இசைவின்றித் துவக்கைக் கைமாற்றலாகாது. திருப்பிக் கொடுத்தலும் அவ்வாறே எளிதன்று. எனவே, சோதனை முன்னரே நிகழ்தல் வேண்டும்.

சோதிக்கும் முறை

1. துவக்கினுள் தோட்டா இல்லையென உறுதி செய்தபின், குழலை ஒளிக்கு நேரே பிடித்து நோக்குக. வீங்கிய குழலும் வெடிப்புற்ற குழலும் விலக்கத்தக்கவை.

2. குழலைப் பூட்டி அசைத்துப் பார்க்க. பூட்டுவாயில் ஆட்டம் இருத்தல் ஆபத்து.

3. தோட்டா அறையின் நீளத்தை அறிக. 2½ அங்குல அறையில் 2¾ அங்குலத் தோட்டாவை இடலாகாது. அமுக்கம் அளவு மீறும்.

4. சட்டம் இடங்கொடுக்கும் இடத்தில், உயர்ந்த மண் அணையின் முன் தாள் நிறுத்தி, அனுமதிப்பத்திரம் உடையவரே 40 யார் (ஏறத்தாழ 36 மீற்றர்) தூரத்திலிருந்து சுடுக. ஒவ்வொரு வெடிக்கும் புதுத் தாள் வைத்து ஐந்து முறை சுட்டபின், சன்னங்கள் அடர்ந்த இடத்தை நடுவாகக் கொண்டு 30 அங்குல விட்டமுள்ள வட்டம் வரைக. ஒடுக்கமில்லாக் குழலாயின் சன்னங்களில் நூற்றுக்கு 40 அளவிலும், வாய் நன்கு ஒடுங்கிய குழலாயின் 70 அளவிலும் வட்டத்துள் வீழ்தல் வேண்டும்.

ஐந்து தாளிலும் வட்டம் குறியின் ஒரே பக்கம் விலகி நின்றால், குழல் வளைந்திருத்தல் கூடும். அத்தகைய துவக்கை வாங்காமை நன்று. வெவ்வேறு பக்கம் விலகினால், மரப்பிடியின் தளர்வோ சுடுபவரின் கைநடுக்கமோ காரணமாகலாம். தளர்வைத் தேர்ந்த துவக்குத் திருத்துநர் சீராக்குவர்.

எழுத்தில் இடவேண்டியவை

துவக்கின் இலக்கம், கண்ட குறைகள், திருத்தச் செலவை ஏற்பவர், குறி தவறின் பணம் மீளத் தரப்படும் காலவெல்லை ஆகியவற்றை எழுதி இருவரும் ஒப்பமிடுக. சுட்ட தாள்களையும் அதனுடன் பேணிவைக்க.