துணியை எது பிடிச்சிருக்கு?

தங்கச்சி, நீ அனுப்பின படம் பார்த்தேன். முகம் அருமை. சட்டைதான் அட்டை மாதிரி விறைச்சு நிக்குது. அதுமேல நாலு வளைகோடு போட்டுட்டா மடிப்பு வந்துடாது. துணி எங்கேயாவது மாட்டியிருக்கணும், இழுபடணும், இல்லேன்னா நசுங்கணும். முதல்ல அந்த இடத்துல ஒரு புள்ளி வை. கோடெல்லாம் அங்கேர்ந்துதான் கிளம்பும்.

ஓசூர்ல இருந்துக்கிட்டு இதுக்கு கிளாஸ் தேட வேண்டாம். சிப்காட்ல ஷிப்ட் மாறுற நேரம் கம்பெனி பஸ் ஸ்டாப்புல போய் நில்லு. சுடிதார் மேல யூனிஃபார்ம் கோட்டு போட்ட பொண்ணுங்க நிப்பாங்க. ஒருத்தி தோள்ல பை. பட்டை அழுத்துற இடத்துலேர்ந்து மடிப்பு மார்புக்குக் குறுக்கே ஓடும். இன்னொருத்தி பஸ் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்குவா. அக்குள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் துணி இழுபடும். போனைக் காதுல வச்சிருக்கிறவளோட முழங்கையைக் கவனி. உள்பக்கம் கசங்கி, ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கிடக்கும். வெளிப்பக்கம் ஒரு சுருக்கம்கூட இருக்காது. நீ ரெண்டு பக்கமும் சுருக்கம் போட்டிருக்கே, அதான் கை மடங்கின மாதிரியே தெரியல. (கேக்காம யாரையும் போட்டோ எடுக்காதே. கண்ணால பார்த்து வீட்டுல வந்து வரை.)

புடவைன்னா கொசுவம். சொருகின இடத்துல நெருக்கமா இருக்கும், கீழே போகப்போக விரியும், பாதத்துல பட்டு உடையும். முந்தானை மடிப்பெல்லாம் தோள்ல குத்தின பின்னுக்கே போய்ச் சேரும்.

துணிக்குத் துணி குணம் வேற. காட்டன் கோணல்மாணலா உடையும். சிந்தடிக் வழிஞ்சு நீளமா விழும். பட்டுல வெளிச்சமும் இருட்டும் பக்கத்துப் பக்கத்துல நிக்கும். மார்கழிப் பனிக்கு நம்மூர்ல போடுற ஸ்வெட்டர்ல மடிப்பு ரொம்பக் கம்மி, அதுவும் உருண்டையா இருக்கும்.

வீட்டுல பழக ஒரு வழி சொல்றேன். லியனார்டோ டாவின்சி மண்ணுல உருவம் செஞ்சு, சேத்துல நனைச்ச துணியை அதுமேல போர்த்தி வரைஞ்சார்னு அவர் வாழ்க்கையை எழுதின வசாரி சொல்லியிருக்கார். நமக்குச் சேறெதுக்கு? பழைய காட்டன் துண்டைக் கெட்டியான கஞ்சியில முக்கி, தண்ணி பாட்டில் மேல போட்டுக் காயவிடு. மடிப்பு அசையாம நிக்கும். ஜன்னலோரம் ஒரே பக்கம் வெளிச்சம் படுற மாதிரி வச்சு, 2பி பென்சிலால நிழலை மட்டும் போடு. துணி வளைஞ்சு திரும்புற இடத்துல நிழல் மெல்லக் கரையும். ஒரு மடிப்போட நிழல் அடுத்ததுமேல விழுற இடத்துல விளிம்பு கூர்மையா இருக்கும். எல்லா விளிம்பையும் ஒரே மாதிரி தேய்ச்சா துணி பஞ்சாயிடும்.

2021-ல கொரோனாவுல இறந்துபோன ஓவியர் இளையராஜாவோட படங்களைப் பெருசு பண்ணிப் பாரு. பாவாடை, தாவணி எல்லாத்துலயும் எங்கே மடிப்பு வேண்டாம்னு விட்டிருக்காருங்கிறதையும் கவனி. மடிப்பு நிறைய போட்டா நிஜம் மாதிரி வரும்னு நினைக்கிறது தப்பு.

கட்டம்போட்ட லுங்கி கிடைச்சா விடாதே. துணி எங்கே திரும்புது, எங்கே உள்ளே போகுதுன்னு கட்டமே காட்டிக்கொடுக்கும். இந்த வாரம் முகம் எதுவும் வரையாதே. அப்பாவோட லுங்கியை நாற்காலியில போட்டு வரைஞ்சு எனக்கு அனுப்பு.