தருமபுரியிலிருந்து என்.எம்.ஆர். ஆய்வகம் போகிறவர்களுக்கு

தருமபுரியில் இயற்பியல் முதுகலை படித்துக்கொண்டு, காந்தப் பொருளோ மீக்கடத்தியோ ஒன்றைச் செய்து கையில் வைத்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அதை அணுக்கரு காந்த ஒத்திசைவில் (என்.எம்.ஆர்.) வைத்துப் பார்க்க வேண்டுமானால் வெளியூர்தான் போகவேண்டும். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பஸ் ஏறினால் பெங்களூரு அரை நாள் பயணம்தான். ஆனால் கருவியில் நேரம் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. கிடைத்த நேரத்தை வீணாக்கக் கூடாது.

மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுப்பதும் இதே வித்தைதான். அங்கே உடம்பிலுள்ள ஹைட்ரஜன் கரு பேசுகிறது. இங்கே செம்போ, ஆக்சிஜனோ, வனேடியமோ பேசும். 7 டெஸ்லா காந்தத்தில் செம்பு-63 ஏறக்குறைய 79 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசையும். சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் அந்த அதிர்வெண்ணைக் கொஞ்சம் தள்ளிவிடும். 1949-இல் வால்டர் நைட் செம்பு உலோகத்தில் கண்ட தள்ளல் வெறும் 0.23 சதவீதம். இதற்கு நைட் பெயர்வு என்று பெயர். எலக்ட்ரான்களின் காந்தக் குணத்தை அந்தத் துளியூண்டு தள்ளலிலிருந்துதான் படிக்கிறோம்.

செய்ய வேண்டியவை

எந்தக் கருவைக் கேட்கப் போகிறீர்கள் என்று ஊரிலேயே முடிவு செய்யுங்கள். சாதாரண ஆக்சிஜன்-16 கருவுக்கு ஸ்பின் கிடையாது. அது வாயே திறக்காது. பேசக்கூடிய ஆக்சிஜன்-17 இயற்கையில் 0.04 சதவீதம்தான். ஆக்சிஜனைக் கேட்க வேண்டுமென்றால் ஆக்சிஜன்-17 செறிவூட்டிய வாயுவில் சாம்பிளைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

உலோகமானால் நன்றாகப் பொடி செய்யுங்கள். 80 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை செம்புக்குள் 7 மைக்ரான் அளவுக்குத்தான் இறங்கும். கட்டியாக வைத்தால் மேல்தோல் மட்டும் பேசும். அரைப்பது அகேட் கல்வத்தில். எஃகு உரலில் அரைத்தால் இரும்புத்தூள் கலந்து, காந்த ஆய்வையே கெடுத்துவிடும்.

சாம்பிளைச் சுற்றியிருக்கும் காயில் எந்தக் கம்பியில் சுற்றியது என்று கேளுங்கள். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. மாணவனாக இருந்தபோது, செம்பு கலந்த ஆக்சைடு ஒன்றிலிருந்து அழகான சிக்னல் வருகிறது என்று இரண்டு நாள் அளந்தேன். மூன்றாம் நாள் சாம்பிளை வெளியே எடுத்த பிறகும் சிக்னல் அப்படியே நின்றது. பேசிக்கொண்டிருந்தது காயிலின் செம்பு. செம்பைப் படிக்கப் போகிறவர்கள் வெள்ளிக் கம்பிக் காயில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். எதுவானாலும், முதல் வேலையாக வெறும் காயிலை ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிறிய சிக்னலை மதியுங்கள். மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் இந்தத் துறையின் விதையைப் போட்டவர் எஸ்.எஸ். தர்மாட்டி, அங்கே திடப்பொருள்களில் இதை வளர்த்தவர்களில் சென்னையில் பிறந்த ஆர். விஜயராகவனும் ஒருவர். அவரும் சேர்ந்திருந்த, ஆர். நாகராஜன் முதலியோரின் குழு 1994-இல் யிட்ரியம்–நிக்கல்–போரான்–கார்பன் கலவையில் 12 கெல்வின் அருகே மீக்கடத்தலை அறிவித்தது. அதற்கு முன் அந்தக் குணத்தின் முதல் அறிகுறி சாம்பிளில் ஒரு சிறு பங்கிலிருந்துதான் வந்திருந்தது. அதை அசுத்தம் என்று ஒதுக்கியிருந்தால் ஒரு புதிய மீக்கடத்திக் குடும்பமே கைநழுவியிருக்கும்.

செய்யக்கூடாதவை

ஊக்கு, ஹேர்பின், சாவி, செல்போன் எதையும் காந்தத்தின் அருகே கொண்டுபோகாதீர்கள். துப்பட்டாவில் குத்திய ஊக்கு நினைவிலேயே இருக்காது. கதவருகில் நின்று ஒருமுறை தடவிப் பாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் உள்ளே போகவே கூடாது. மின்சாரம் நின்றாலும் காந்தம் நிற்காது. மீக்கடத்திச் சுருளுக்குள் மின்னோட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

தீர்த்தமலைப் பக்கத்து இரும்புக்கல்லை ஆசையாகப் பையில் போட்டு எடுத்துப் போகாதீர்கள். அதில் மேக்னடைட் இருக்கிறது. காந்தம் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். அந்தக் கல்லைப் படிக்க வேண்டுமானால் வெளிக் காந்தமே தேவையில்லை. இத்தகைய பொருளில் கருவுக்குத் தேவையான புலம் உள்ளேயே இருக்கிறது. தூய இரும்பில் அது ஏறக்குறைய 33 டெஸ்லா. அறை வெப்பநிலையில் இரும்பு-57 சுமார் 45 மெகாஹெர்ட்ஸில் பேசும். நம் மாவட்டத்துக் கல்லை வைத்து ஆய்வு செய்ய நினைப்பவர்கள் சுழியப் புலத்தில் அளக்க அனுமதி கேளுங்கள்.

காந்தத்தைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் கொப்பளித்து வெளியேறினால் பையை எடுக்கத் திரும்பி ஓடாதீர்கள். ஒரு லிட்டர் திரவ ஹீலியம் 700 லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும். அறையில் பிராணவாயு குறைவது நமக்கு உறைக்காது. உடனே வெளியேறுங்கள்.

மீக்கடத்து வெப்பநிலைக்குக் கீழே சிக்னல் மெலிந்தால் ஏதோ புதுமை என்று எழுதிவிடாதீர்கள். ரேடியோ அலை சரியாக உள்ளே போக முடியாததே காரணமாக இருக்கலாம். காயிலை மறுபடி டியூன் செய்துவிட்டு அளந்து பாருங்கள்.

கடைசியாக, தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். எலக்ட்ரான்கள் எதிரெதிர் ஸ்பின்னோடு ஜோடி சேர்ந்தால், மீக்கடத்தும் நிலையில் நைட் பெயர்வு இறங்க வேண்டும். ஸ்ட்ரான்ஷியம் ருத்தெனேட் 1.5 கெல்வினில் மீக்கடத்தியாகும். 1998-இல் கியோட்டோக் குழு ஆக்சிஜன்-17 கொண்டு அளந்தபோது பெயர்வு இறங்கவில்லை. அதனால் ஜோடிகள் ஒரே திசை ஸ்பின் கொண்டவை என்று உலகமே நம்பியது. 2019-இல் கலிபோர்னியாவில் ஸ்டூவர்ட் பிரவுன் குழு ரேடியோ அலைப் பல்ஸின் ஆற்றலைக் குறைத்து அளந்தது. பெயர்வு தெளிவாக இறங்கியது. பலமான பல்ஸ் சாம்பிளைக் கண நேரம் சூடாக்கி, மீக்கடத்தலையே கலைத்திருந்தது. வெளியே இருந்த தெர்மாமீட்டருக்கு அது தெரியவில்லை. கியோட்டோக் குழுவும் மறுபடி அளந்து ஒப்புக்கொண்டது. கவனமும் திறமையும் உள்ளவர்களிடமே இருபத்தொரு ஆண்டு தப்பிய பிழை இது.

அதனால் ஒரே ஆற்றலில் அளந்து முடித்துவிட்டுப் பஸ் ஏறாதீர்கள். பல்ஸைப் பாதியாக, அதிலும் பாதியாகக் குறைத்து அளந்து, மூன்று வரைபடங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மூன்றும் பொருந்தினால் கிளம்பலாம். பொருந்தாவிட்டால் இன்னும் ஒரு ராத்திரி கருவியைக் கேட்டு வாங்குங்கள்.