தட்டுப்பாட்டில் சரக்கைப் பங்கிடுவது எப்படி?

2011 டிசம்பர் 30 அன்று காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன. கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்திக்கும் தார்ப்பாய்க்கும் மக்கள் அலைந்ததை நாம் மறக்க முடியாது. அப்போது மொத்த வியாபாரிகள் செய்த தவறு ஒன்று உண்டு. நானும் செய்தேன். அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கடலூர் மொத்தக் கடையில் 100 பெட்டி மெழுகுவர்த்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிதம்பரத்தில் ஐந்து கடைகள். ஒவ்வொன்றுக்கும் தேவை 40 பெட்டி. ஆர்டர் விகிதப்படி பிரித்தால் கடைக்கு 20 பெட்டி கிடைக்கும். இதை அறிந்த ஒருவர் 80 என்று எழுதுகிறார். மொத்த ஆர்டர் 240 ஆகிறது. அவருக்கு 33 பெட்டி. உண்மையை எழுதிய நால்வருக்கும் சுமார் 17 பெட்டிதான்.

அடுத்த முறை ஐவரும் 80 எழுதுவார்கள். மீண்டும் கடைக்கு 20தான், யாருக்கும் லாபமில்லை. ஆனால் மொத்தக் கடைச் சிட்டையிலோ 400 பெட்டி நிற்கும். அதை நம்பி அவர் கம்பெனிக்கு 400 எழுதுவார். சரக்கு வந்து இறங்கும்போது மின்சாரமும் வந்துவிடும். கடைகள் ஆர்டரை ரத்து செய்யும். முதல் முடங்கும்.

இதில் எவரையும் கெட்டவர் என்பதற்கில்லை. எல்லோரும் உண்மையை எழுதினால் எல்லோருக்கும் நன்மை. தனியாக எழுதுபவருக்கு மட்டும் நஷ்டம். ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் இத்தகைய நிலைகளை ஆராய்வதே 'கேம் தியரி' எனும் விளையாட்டுக் கோட்பாடு. இதற்காக ஜான் நாஷ் உள்ளிட்ட மூவர் 1994இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றனர்.

சாட்டையின் பிடி சற்று அசைந்தாலும் நுனி பலமாக வீசுமல்லவா? அதுபோல் கடையில் ஏற்படும் சிறு மாற்றம் ஆலைக்குப் போய்ச் சேரும்போது பெரிதாகிவிடுகிறது என்று 1997இல் ஹாவ் லீ, பத்மநாபன் முதலிய மூவர் விளக்கினர். தட்டுப்பாட்டில் கூட்டி எழுதுவதை அதற்குரிய நான்கு காரணங்களில் ஒன்றாகக் காட்டினர்.

பரிகாரம் கடினமல்ல.

1. ஆர்டரைப் பார்த்துப் பிரிக்காமல், முந்தைய மாதங்களில் அந்தக் கடை எடுத்த சரக்கின் விகிதத்தில் பிரியுங்கள். பேரேட்டில் ஏறிய கணக்கை இன்று யாரும் கூட்ட முடியாது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கையாண்ட முறையும் இதுவே.

2. தாராளமாக ரத்து செய்ய இடம் தராதீர்கள். ஆர்டருடன் ஓரளவு முன்பணம் பெறுங்கள்.

3. சில்லறைக் கடைக்காரர்கள் தங்கள் இருப்பையும் அன்றாட விற்பனையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

4. புதுக் கடைக்குப் பழைய கணக்கு இராது. அதிகம் பாதித்த ஊருக்கும் கூடுதல் தேவை இருக்கும். அவர்களுக்கென நூற்றில் பத்துப் பெட்டி ஒதுக்கி வையுங்கள்.

இந்த முறையை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே எல்லாக் கடைகளுக்கும் அறிவித்துவிடுங்கள். புயலடித்த பிறகு சொன்னால், வேண்டியவருக்குச் சலுகை காட்டுவதாகவே பிறர் எண்ணுவர்.