நாற்பது நிமிட மௌனம்



இந்த முறை நம் பாடம் வேலையிடத்தைப் பற்றியது. நம்மில் பலர் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வேலைக்குப் போகப் போகிறோம். "நல்ல கம்பெனியா, மோசமான கம்பெனியா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று சந்திப்புகளில் அடிக்கடி கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்த விடையை ஒரு புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. நான் செய்த ஒரு தவற்றிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

1. நான் பயிற்சிக்குப் போன இடம்

பொறியியல் மூன்றாம் ஆண்டு முடிந்ததும் எங்களுக்குத் தொழிற்பயிற்சி கட்டாயம். எனக்குச் சைபர்ஜெயாவில் ஒரு வெப் ஹோஸ்டிங் கம்பெனியில் ஆறு மாதத்துக்கு இடம் கிடைத்தது.

வெப் ஹோஸ்டிங் என்றால் என்ன? ஓர் இணையத்தளத்தின் படம், எழுத்து, மின்னஞ்சல் எல்லாம் எங்கேயாவது ஒரு கணினியில் இருக்கணும். அந்தக் கணினி இரவு பகலாக ஓடணும். அதைத்தான் சர்வர் என்கிறோம். சர்வரில் வாடகைக்கு இடம் கொடுப்பதுதான் இந்தத் தொழில். சிறு வியாபாரிகள் பெரும்பாலும் ஒரே சர்வரைப் பலரோடு பகிர்ந்துகொள்வார்கள். அடுக்குமாடி வீடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். மேல்மாடிக்காரர் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டால் கீழ்வீட்டில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

இந்தத் தொழிலில் எல்லாரும் தரும் வாக்குறுதி, "99.9 விழுக்காடு நேரம் உங்கள் தளம் இயங்கும்" என்பது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 நாள் மாதத்தில் மீதி 0.1 விழுக்காடு என்பது ஏறக்குறைய 43 நிமிடம். மாதம் முழுவதுக்கும் தளம் நின்றுபோக அனுமதி அவ்வளவுதான். அதனால்தான் அங்கே இரவு ஷிப்ட், விடுமுறை ஷிப்ட் எல்லாம் உண்டு.

2. அன்றாட வாழ்க்கை

நான் சேர்ந்தபோது அங்கே 18 பேர். கிளம்பும்போது 31 பேர். 18 பேராக இருந்தபோது மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒன்றாக மாமாக் கடைக்குப் போவோம். மூன்று மேசையைச் சேர்த்துப் போட்டால் போதும். எந்த சர்வர் தகராறு செய்கிறது, எந்த வாடிக்கையாளர் கோபக்காரர் என்பதெல்லாம் அந்த மேசையிலேயே தெரிந்துவிடும்.

வேலை என்று பார்த்தால் பெரும்பாலும் டிக்கெட்டுகள்தான். வாடிக்கையாளர் புகார் அனுப்பினால் அதற்கு ஓர் எண் விழும், அதுதான் டிக்கெட். பாஸ்வோர்ட் மறந்தவர், அஞ்சல் பெட்டி நிரம்பியவர், தளத்தின் பெயரைப் புதுப்பிக்க மறந்துவிட்டு "என் தளத்தை யாரோ திருடிட்டாங்க" என்று அழுபவர் எனப் பலவிதம். பொறுமையாகப் பதில் எழுதக் கற்றுக்கொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது பெருநாள் ஷிப்ட் அட்டவணை. தீபாவளிக்கு மலாய் நண்பர்களும் சீன நண்பர்களும் எங்கள் ஷிப்டைப் பார்ப்பார்கள். ஹரி ராயாவுக்கு நாங்கள் அவர்கள் ஷிப்டைப் பார்ப்போம். சீனப் புத்தாண்டுக்கும் அப்படியே. யாரும் உத்தரவு போடவில்லை. வெள்ளைப் பலகையில் அவரவரே பெயர் எழுதிவிடுவார்கள்.

ஆள் கூடக் கூட இது மாறியது. மூன்று மேசை போதவில்லை. ஷிப்ட் ஷிப்டாகச் சாப்பிடப் போனோம். மேசையில் பேசியது வாட்ஸ்அப் குழுவுக்கு மாறியது. புதிதாக ஒரு ஷிப்ட் மேலாளர் வந்தார். ஒருநாள் ஒரு பையன் தவறான விலைப்பட்டியலை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டான். எல்லாரும் இருக்கும் குழுவிலேயே மேலாளர் அவனைக் கிண்டலும் திட்டுமாகப் பிழிந்தெடுத்தார். பலர் சிரிப்புப் படம் போட்டார்கள். நானும் போட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. அன்று நடந்தது

ஹரி ராயா இரண்டாம் நாள். அலுவலகத்தில் நான் மட்டும். அவசரம் என்றால் அழைக்க எங்கள் குழுத் தலைவி அக்கா கிள்ளானில் வீட்டில் இருந்தார்.

சேவையை நிறுத்தச் சொன்ன ஒரு வாடிக்கையாளரின் கணக்கை நீக்கும் வேலை வந்தது. பட்டியலில் ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு கணக்குகள். மதியம் 3.10க்கு நான் நீக்கியது தவறான கணக்கை. 3.25க்கு டிக்கெட் வந்தது: "என் தளம் திறக்கவில்லை." ஷா ஆலமில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒரு மலாய் அம்மாவின் தளம் அது. ராயா மாதத்தில் திறந்த இல்ல உபசரிப்புக்கு ஆர்டர்கள் குவியும் நேரம். தளம், ஆர்டர் விவரம், அஞ்சல் எல்லாம் ஒரே சொடுக்கில் போய்விட்டன.

உடனே அக்காவை அழைத்திருக்கணும். அழைக்கவில்லை. "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று அந்த அம்மாவுக்குப் பதில் போட்டுவிட்டு நானே மீட்கப் பார்த்தேன். சேமிப்பு நகலைத் திறக்கப் பயிற்சியாளருக்கு அனுமதி இல்லை. வேறு வழி தேடினேன். கை நடுங்கியது. மனசுக்குள் ஓடியது இதுதான்: குழுவில் அடுத்து நான்தான். அதைவிட, "நம்ம பையன்களைச் சேர்த்தாலே இப்படித்தான்" என்று யாராவது சொல்லிவிட்டால், எனக்கு இடம் வாங்கிக் கொடுத்த அக்காவுக்கும் தலைகுனிவு.

4.05க்குத்தான் அழைத்தேன். அக்கா திட்டவில்லை. "எத்தனை மணிக்கு நடந்துச்சு? எப்போ பார்த்தே?" என்று மட்டும் கேட்டார்.

"இப்பதான்கா பார்த்தேன்" என்றேன். பொய்.

4. நாற்பது நிமிடத்தின் விலை

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம். எங்கள் கம்பெனியில் தினமும் அதிகாலை 2 மணிக்கு முழுச் சேமிப்பு நகல் எடுப்பார்கள். அது தவிர, ஒவ்வொரு மணி நேரமும் முதன்மை சர்வரில் உள்ளதை அப்படியே இன்னொரு சர்வருக்கு நகலெடுக்கும் ஏற்பாடும் இருந்தது. கண்ணாடி மாதிரி. முகத்தில் பொட்டு இருந்தால் அதிலும் தெரியும். பொட்டை அழித்தால் அதிலும் போய்விடும்.

3.25க்கு நான் அழைத்திருந்தால், அந்தக் கண்ணாடி சர்வரில் 3 மணி வரைக்குமான எல்லாமே பத்திரமாக இருந்தன. அக்கா ஒரு கட்டளையில் நகலெடுப்பை நிறுத்தியிருப்பார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தபோது 4 மணி ஆனது. நகலெடுப்பு ஓடியது. நான் நீக்கியதை அதுவும் நீக்கிவிட்டது. மிச்சம் இருந்தது அதிகாலை 2 மணி நகல் மட்டும்தான். நாற்பது நிமிட மௌனத்துக்கு விலை, பதின்மூன்று மணி நேர ஆர்டர்கள்.

அந்த அம்மாவை நானே அழைத்துப் பேசணும் என்றார் அக்கா. பேசினேன். அவர் கத்தவே இல்லை. "யார் ஆர்டர் கொடுத்தாங்கன்னே எனக்குத் தெரியாதே, சனிக்கிழமை வந்து கேட்டா நான் என்ன சொல்வேன்?" என்று மெதுவாகக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தன் முகநூல் பக்கத்தில் அறிவிப்புப் போட்டு ஏழு பேரை அவர் கண்டுபிடித்தார். இன்னும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது கடைசி வரை தெரியவில்லை.

இரவு சம்பவ அறிக்கை எழுத உட்கார்ந்தேன். அதில் இரண்டு கட்டங்கள்: நடந்த நேரம், தெரியவந்த நேரம். இரண்டாவது கட்டத்தில் என் விரல் நின்றுவிட்டது. அக்காவை அழைத்தேன். "அக்கா, நான் 3.25க்கே பார்த்துட்டேன். பயந்துட்டேன்."

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, "பதிவுல பார்த்தேன்டா. நாளைக்குக் கேட்கலாம்னு இருந்தேன். நீயே சொன்னது நல்லது. உள்ளதை உள்ளபடி எழுது."

5. கம்பெனி என்ன செய்தது?

மறுவாரம் கூட்டம். முதலாளி ஒரு சீனர், அதிகம் பேசமாட்டார். அறிக்கையில் என் பெயர் இல்லை, "பயிற்சியாளர்" என்று மட்டுமே இருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி என்னை உலுக்கியது: "அழைக்க அவருக்கு ஏன் நாற்பது நிமிடம் பயம்?"

நான் உண்மையைச் சொன்னேன். விலைப்பட்டியல் பையனுக்குக் குழுவில் நடந்ததைச் சொன்னேன். நானும் சிரிப்புப் படம் போட்டதைச் சொன்னேன். மேலாளர் முகம் சிவந்தது. ஆனால் மறுக்கவில்லை.

அன்று எடுத்த முடிவுகள் நான்கு. ஒன்று, எந்தக் கணக்கையும் உடனே நீக்கக்கூடாது. 14 நாள் முடக்கி வைத்துத்தான் நீக்கணும். இரண்டு, நீக்கும்முன் தளத்தின் பெயரை முழுசாகத் தட்டச்சு செய்யணும். மூன்று, பயிற்சியாளரைத் தனியாக ஷிப்டில் விடக்கூடாது. நான்கு, குழுவில் யாரையும் திட்டக்கூடாது. தவறு நடந்தால் முதலில் தொலைபேசியில் அழைக்கணும்.

பெரிய கம்பெனிகளிலும் இப்படி நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் கட்டளை போட்டு, வாடிக்கையாளர் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அப்போதுதான் பல சேமிப்பு நகல் ஏற்பாடுகள் வேலையே செய்யவில்லை என்பது தெரிந்தது. ஏறக்குறைய ஆறு மணி நேரத் தரவு போய்விட்டது. அவர்கள் மறைக்கவில்லை. மீட்கும் பணியை நேரலையில் காட்டினார்கள். பிறகு காரணங்களை விரிவாக எழுதி வெளியிட்டார்கள். அதை இன்றும் பொறியாளர்கள் படித்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

இதைப் "பழி சொல்லாத ஆய்வு" என்பார்கள். தவறு செய்தவரைத் தட்டிக்கொடுப்பது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கேக் அம்மாவிடம் பேச வைத்ததே எனக்குப் போதுமான தண்டனை. "யார்?" என்று கேட்டால் ஓர் ஆள் கிடைப்பார். "எப்படி?" என்று கேட்டால் ஓட்டை கிடைக்கும். ஆளை மாற்றினாலும் ஓட்டை அங்கேயேதான் இருக்கும்.

6. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நேர்காணலுக்குப் போகும்போது சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: "கடைசியா இங்கே ஒரு பெரிய தவறு நடந்தப்போ என்ன செஞ்சீங்க?" பதில் சொல்லத் தயங்கினால் யோசியுங்கள். "நாங்கள் எல்லாம் ஒரே குடும்பம்" என்ற பேச்சை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2023 முதல் நம் நாட்டு வேலைச் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. குடும்பம் என்று சொல்லிக் கூடுதல் நேரக் கணக்கை மறந்துவிடும் இடங்களும் இருக்கின்றன.

இன்னொன்று. பண்பாட்டை முதலாளி மட்டும் உண்டாக்குவதில்லை. அந்தச் சிரிப்புப் படத்தைப் போட்டவன் நான். ஒரு வாரம் கழித்து என்னையே பயமுறுத்தியது அதுதான்.

சிந்திப்போம், பேசுவோம்

அ. வீட்டிலோ வகுப்பிலோ நீங்கள் தாமதமாகச் சொன்ன ஒரு தவறு எது? உடனே சொல்லியிருந்தால் எது காப்பாற்றப்பட்டிருக்கும்?

ஆ. உங்கள் குழுவில் கடைசியாகத் தவறு செய்தவரை எப்படி நடத்தினீர்கள்? அடுத்தவர் உங்களிடம் துணிந்து சொல்வாரா?

இ. "இனம், குடும்பம், சிபாரிசு செய்தவர் மானம்" என்ற பாரம் நம்மை ஒழுங்காக நடக்க வைக்கிறதா, மறைக்க வைக்கிறதா?

ஈ. உங்கள் கைப்பேசியில் உள்ள படங்களுக்கும் பாடக்குறிப்புகளுக்கும் தனியாக ஒரு நகல் இருக்கிறதா? அதைத் திறந்து பார்த்தது எப்போது?

நான்காவது கேள்வியை இன்றைக்கே செய்து பாருங்கள். முதல் கேள்விக்குப் பதில் யாருக்காவது பாக்கி இருந்தால், அவரையும் இன்றைக்கே அழைத்துவிடுங்கள்.